பூவர் சொயில்

புதுக்குடா,
கல்பிட்டி வீதி.
09.02.2025

தங்கச்சி ரிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு உனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஜபார் நானா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை இரண்டு பேர் வந்து நம் தோட்டத்தின் நான்கு மூலையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்த கட்டைகளை அறைந்துவிட்டுப் போனார்கள். நம்முடையதில் மட்டுமில்லை, மாதர் சங்கத்தின் முப்பத்தொரு பேருடைய தோட்டத்திலும்தான். ஒரு கட்டை என் வெங்காயப் பாத்திக்கு நடுவில் நிற்கிறது. என்னத்துக்கு என்று கேட்டேன்.

"சோலார் போடப் போறாங்க. இது ஒண்டும் விளையாத காணி எண்டுதானே எழுதியிருக்கு" என்றான் ஒருவன். என் வெங்காயத்தின் மேல் நின்றுகொண்டு சொன்னான்.

அபூசாலி மாமா அலைந்து திரிந்து, அப்படி எழுதியிருக்கிற அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கிவந்தார். முழுக்க இங்கிலீஷ். தலவிலயிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வருகிற ஜெசிக்கா டீச்சரிடம் கொடுத்தோம். பதினான்காம் பக்கத்தில் அவ நின்றுவிட்டா. இரண்டு தரம் வாசித்தா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா:

"பஸீனாக்கா, இது வளமில்லாத மண் எண்டு இங்க உள்ள விவசாயிகளே ஒத்துக்கொண்டாங்களாம். அப்பிடித்தான் இதில இருக்கு."

கீழே திகதி இருந்தது, 2022 ஓகஸ்ட் 16. மொழிபெயர்த்தவரின் பெயரும் இருந்தது. உன்னுடைய பெயர்.

மண்ணைப் பார்க்க வெள்ளைக்காரர் வந்த அன்றைக்கு, நம் பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நாங்கள் சொல்வதைத்தான் நீயும் சொல்கிறாய் என்று நம்பித் தலையாட்டிக்கொண்டு நின்றோம். முப்பத்தொரு பேரும் நின்றோம்.

நீ என்ன சொன்னாய்? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் லைனை வெட்டுவேன்.

பஸீனா


தோஹா
27.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தின் அடியில் 'ராத்தா' என்று போடாமல் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் வாசித்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, இங்கே மண் எப்படி என்று கேட்டார். பதில் சொன்னது நீங்கள்தான். "இது ஏழைகள்ட மண்" என்றீர்கள். ஏழைக்கு பூவர், மண்ணுக்கு சொயில். இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்த சொற்கள். பூவர் சொயில், சேர் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னது வெள்ளைக்காரருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்று இரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, என்னோடு வேலை செய்கிற மெலனியிடம் கேட்டேன். சிலாபத்துக்காரி, கொன்வென்டில் படித்தவள். பூவர் சொயில் என்றால் சத்தில்லாத மண்ணாம். ஏழை என்ற சொல்லிலும் குற்றமில்லை, மண் என்ற சொல்லிலும் குற்றமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு எதையோ சொல்கின்றன. அதற்கு நான் என்ன செய்ய? அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத்தானே போட்டிருக்கிறான்.

"எங்கட ரிஃப்கா கதைப்பா" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டதும் நீங்கள்தான். எனக்குப் போதிய இங்கிலீஷ் இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

வேறு எழுத வரவில்லை.

ரிஃப்கா


தோஹா
02.04.2025

ராத்தா,

பெருநாளன்றும் நீங்கள் போனை எடுக்கவில்லை. ஸஜீத் எடுத்து, "உம்மா தோட்டத்தில நிக்கிறாங்க சாச்சி" என்றான். பெருநாள் காலையில் தோட்டத்தில் என்ன வேலை? என்னோடு கதைக்க விருப்பமில்லாமல் அங்கே போய் நின்றிருக்கிறீர்கள். ஸஜீத் மறைக்கப் பார்த்தான், அவனை ஏசாதீர்கள்.

முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் முழுவதுமில்லை. நீங்களும் அதைக் கண்டுபிடித்திருப்பீர்கள், அதனால்தான் பதில் போடவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் அன்று சொன்னது, "இது ஏழைகள்ட மண். எங்கட கையால நாங்க ஆக்கின மண்." முதல் பாதியைத்தான் நான் சொன்னேன். இரண்டாவது பாதிக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. சோறாக்குவது என்றால் குக் என்று தெரியும். மண்ணை ஆக்குவதற்கு என்ன சொல்வது? ஒரு கணம் யோசித்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

நீங்கள் சொன்னதில் பெறுமதியான பாதி அதுதான். அதைத்தான் நான் விழுங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது ஹோட்டலின் சலவைப் பகுதியில் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சக்கரம் வைத்த பெரிய கூடைகள் வரும். அவற்றின் மேல் 'சொயில்ட் லினன்' என்று எழுதியிருக்கும். சொயில்ட் என்றால் அழுக்கான என்று அர்த்தம். கறைபட்டது, நாறுவது, தொட்டால் கை கழுவவேண்டியது. இரண்டு வருடமாக அந்தக் கூடையைத் தள்ளுகிறேன். அது நம் மண்ணுக்குச் சொல்கிற அதே சொல் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள் கூடையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மெலனி வந்து, "வட் ஒன் ஏர்த் ஆர் யூ டூயிங்?" என்று கேட்டாள். பூமியில் என்ன செய்கிறாய் என்று கேட்கிறாளாக்கும் என்று அதற்கும் முழித்தேன். அது சும்மா, என்னடி செய்கிறாய் என்று கேட்கிற மாதிரித்தானாம்.

ராத்தா, இவ்வளவுதான். இதில் ஒளித்தது எதுவுமில்லை.

உங்கள் தங்கச்சி


புதுக்குடா
26.04.2025

ரிஃப்கா,

கிடைத்தது. பெருநாளன்று தோட்டத்தில் நின்றது உண்மைதான். கட்டைகளைப் பிடுங்கிப் போடுவோமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அபூசாலி மாமா வேண்டாம் என்றார். பிடுங்கினால் பொலிஸ் வரும், நம் பக்கம் நியாயம் இருக்கிறபோது நாம் ஏன் பிழைகாரர் ஆகவேண்டும் என்றார். சரி என்று விட்டேன். ஒன்றை மட்டும் பிடுங்கினேன், வெங்காயத்துக்குள் நின்றதை. அதைப் பக்கத்து வரம்பில் நட்டுவிட்டேன்.

நீ பாதியை விழுங்கியது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் அவ்வளவு நீளமாகச் சொன்னேன், நீ மூன்று சொல்லில் முடித்தாய். இங்கிலீஷ் சுருக்கமான பாஷையாக்கும் என்று நினைத்தேன்.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் இப்போது வேறு இடத்தில். அழுக்குக்கு மண்ணின் பெயரையா வைத்திருக்கிறார்கள்? இந்த மண்ணில் நின்று வேலை செய்துவிட்டு அப்படியே கிணற்றடியில் கையை அலம்பிவிட்டுத்தான் நான் ஸஜீதுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். தொண்ணூறாம் ஆண்டு முசலியிலிருந்து துரத்திவிட்டபோது உம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தா. அப்போது இங்கே வெறும் மணல். எனக்கு எட்டு வயது. நடந்தால் கால் சுடும். மீன்பிடிக்காரர்களின் வாடிகளில் மீன் வெட்டிப் போடுகிற கழிவைத் தலைச்சுமையாகச் சுமந்துவந்து புதைத்தா. ஆட்டுப் புழுக்கை, சருகு, தேங்காய்த் தும்புத்தூள், கிணற்றடிப் பாசி எல்லாம் புதைத்தா. நாறுது என்று ஊரே மூக்கைப் பிடித்தது. பிறகு மற்றப் பெண்களும் வந்து எப்படி என்று கேட்டார்கள். நீ பிறந்தபோது நம் காணியில் கத்தரி காய்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உனக்கு மணல் தெரியாது, மண்தான் தெரியும்.

சங்கம் எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் வந்திருக்கிறது. திரும்பவும் ஒரு குழு ஜூனில் வருகிறதாம். மண்ணைப் பற்றிப் படித்த ஒரு வெளிநாட்டு அம்மாவும் வருகிறா. சோலார் கம்பனிக்காரர்கள் ஒரு புத்தகம் கொடுத்தார்கள், பளபளப்பான தாள். அட்டையில் 'சேவ் த பிளனட்' என்று போட்டிருக்கிறது. ஜெசிக்கா டீச்சர் சொன்னா, பூமிக் கிரகத்தைக் காப்பாற்றுவோம் என்று அர்த்தமாம். நல்ல காரியம்தான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு என் வெங்காயம்தான் கிடைத்ததா?

டீச்சர் மொழிபெயர்ப்பா. ஆனால் ஒன்றிரண்டு பேச்சு என் வாயாலேயே வரவேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே எனக்குச் சொற்கள் அனுப்பு. ஒற்றைச் சொல் வேண்டாம். எந்தச் சொல் எதோடு சேரும் என்று சோடியாக எழுதி அனுப்பு. போனில் வேண்டாம், எழுத்தில் இருந்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். நீ விழுங்கிய பாதிக்கும் சொல் தேடு.

பஸீனா ராத்தா


தோஹா
18.05.2025

என் ராத்தாவுக்கு,

மூன்று கிழமையாக இதே வேலையாகத் திரிகிறேன். மெலனி நான் வருவதைக் கண்டால், "திரும்பவும் மண்ணா?" என்கிறாள்.

நம் மண்ணைச் சொல்ல, ஃபேர்டைல் சொயில். வளமான மண். ரிச் சொயில் என்றாலும் அதுவேதான். இங்கே கவனியுங்கள், மண்ணுக்கு ரிச் என்றால் பணமில்லை, சத்து. மேலே கறுப்பாக இருக்கிற படைக்கு டொப் சொயில். காற்றும் மழையும் அதை அள்ளிக்கொண்டு போவது சொயில் இரோஷன். சோலார் போடுவதற்கு மேல்மண்ணை வழித்துச் சமப்படுத்துவார்கள் என்று புத்தகத்தில் இருந்தால், அந்த இடத்தில் இதைக் கேளுங்கள்.

'டவுன் டு ஏர்த்' என்று ஒன்று இருக்கிறது. மண்ணைப் பற்றியது என்று எழுதிவைத்தேன். மெலனி வெட்டிவிட்டாள். அது தலைக்கனமில்லாத ஆளைச் சொல்வதாம். 'ஏர்த்' என்று வந்தாலே எனக்கு இப்போது பயம்.

நான் விழுங்கிய பாதிக்கு மெலனிக்கும் சொல் தெரியவில்லை. ஹோட்டல் தோட்டத்தைப் பார்க்கிறவர் ஒரு கென்யாக்காரர். அவரிடம் போனேன். இங்கே பாலைவன மணலில் எதுவும் வளராது, உப்பு. தோட்டத்துக்கு வேறு இடத்திலிருந்து லொறியில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதற்கு ஸ்வீட் சொயில் என்று பெயர். இனிப்பு மண். உப்பில்லாததால் இனிப்பாம். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு அது உடனே விளங்கும்.

உங்கள் தோட்டத்துப் படத்தைக் காட்டினேன், வேலியின் இரண்டு பக்கமும் தெரிகிற படம். போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இதை எங்கே வாங்கினார்கள்?" என்று கேட்டார். வாங்கவில்லை, கழிவும் சருகும் புதைத்து உண்டாக்கினார்கள், முப்பத்தைந்து வருடம் என்றேன். அப்போது அவர் சொன்னார், "தே பில்ட் த சொயில்."

பில்ட். வீடு கட்டுவதற்குச் சொல்கிற அதே சொல். அவர்களுடைய ஊரிலும் விவசாயிகள் அப்படித்தான் சொல்வார்களாம்.

வீ பில்ட் திஸ் சொயில். நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் நம் வாயில் 'பில்ட்' என்றுதான் வரும், கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். பயப்படாமல் சொல்லுங்கள். மூன்று வருடம் பிந்திவிட்டது, ராத்தா. என்னிடமிருந்து வந்து சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

ரிஃப்கா


புதுக்குடா
30.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வந்துவிட்டுப் போனார்கள். நேற்று எழுத நினைத்தேன், சங்கத்துப் பெண்கள் வந்து கதைத்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்குச் சரி.

ஐந்து பேர் வந்தார்கள். கம்பனிக்காரர் இரண்டு பேர், பிரதேச செயலகத்திலிருந்து இரண்டு பேர், அந்த வெளிநாட்டு அம்மா. அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினா. முப்பத்தொரு பேரும் காத்திருந்தோம். பெரிய கதிரைகள் போட்டிருந்தோம், அவ உட்காரவில்லை.

நீ அனுப்பிய சொற்களை இரண்டு கிழமை பாடமாக்கினேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும்போதும் அதுதான். ஸஜீத், "உம்மாக்கு இங்கிலீஷ் சோதினை" என்று சிரித்தான். அவர்கள் வந்து நின்றதும் எல்லாம் பறந்துவிட்டது. ஒன்றுகூட வாயில் இல்லை.

கம்பனிக்காரர் தன் மடிக்கணினியைத் திறந்து ஏதோ காட்டினார். ஜெசிக்கா டீச்சர் என் காதில் சொன்னா, "இந்தக் கரையோரம் முழுக்க மணல் எண்டு வரைபடம் காட்டுறாராம்." அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. பேசி என்ன பயன் என்று மண்வெட்டியை எடுத்தேன்.

முதலில் வேலிக்கு வெளியே வெட்டினேன், யாரும் செய்யாத இடத்தில். முழங்கால் ஆழம்வரை வெள்ளை மணல், சீனி மாதிரி. குழியின் பக்கம் நிற்காமல் சரிந்துகொண்டே வந்தது. பிறகு வேலிக்கு உள்ளே வந்து வெட்டினேன். மண்வெட்டி இறங்குகிற சத்தமே வேறு. ஒரு சாணும் நாலு விரலும் கறுப்பு மண். குழியின் பக்கம் சுவர் மாதிரி நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு மண்புழு வெட்டுப்படாமல் தலையை நீட்டியது. அந்த அம்மா குழிக்குப் பக்கத்தில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டா.

கம்பனிக்காரர் விடவில்லை. "மேடம், இது மேலால போட்ட எருப் பசளை. அடியில பாருங்க, மணல்தான்" என்றார், தமிழிலும் இங்கிலீஷிலும்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "ஓம், மணல்தான்" என்றேன். "எங்களுக்குக் கிடைச்சது மணல்தான். அத நாங்க இல்லயெண்டு சொல்லல. மண்ணத்தான் நாங்க ஆக்கினது." டீச்சர் மொழிபெயர்க்க வாயெடுத்தா. பொறுங்க டீச்சர் என்று கையைக் காட்டினேன். அந்த அம்மாவைப் பார்த்து நானே சொன்னேன், "வீ பில்ட் திஸ் சொயில். தேர்ட்டி ஃபைவ் இயர்ஸ்." பின்னால் நின்ற பெண்களைக் கையால் காட்டி, "ஓல்" என்றேன். எல்லோரும் என்று சொல்ல அதுதான் வந்தது.

அவ நிமிர்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தா.

இன்னொன்றைத் தமிழில் கேட்டேன், டீச்சர் சொன்னா. "பிளனட்டக் காப்பாத்துறது நல்லதுதான். எங்கட தோட்டமும் அந்த பிளனட்டிலதானே இருக்கு? இத வழிச்செடுத்தா அதில எதக் காப்பாத்துறீங்க?" செயலகத்து ஐயா ஒருவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டா.

பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டினா, மணந்து பார்த்தா. மெல்லமாக ஏதோ சொன்னா. டீச்சர் முழித்தா. திரும்பக் கேட்டா. பிறகு என்னிடம் வந்து சொன்னா:

"இந்த மண் 'இன் குட் ஹார்ட்' எண்டு சொல்றாங்க அக்கா. நல்ல நெஞ்சோட இருக்கு எண்டு. எனக்கே இது புதுசு. கேட்டுப் பார்த்தன். அவங்கட ஊர்ல பழைய விவசாயிகள், நல்லாப் பாத்து வளர்த்த மண்ணுக்கு அப்பிடித்தான் சொல்றதாம்."

ரிஃப்கா, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்வெட்டியைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். மண்ணை அழுக்கு என்கிற அதே பாஷையில் மண்ணுக்கு நெஞ்சும் இருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்தைக் கேட்கவில்லை.

போகும்போது அவ டீச்சரிடம், இவவுக்கு யார் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டா. டீச்சர் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தா. "மை சிஸ்டர்" என்றேன். அதை நீ எழுதி அனுப்பவில்லை. அது எனக்கு முன்னமே தெரியும்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று கவனிக்கவில்லை. இனி எனக்குப் போன் எடு.

ராத்தா


புதுக்குடா
14.10.2025

ரிஃப்கா,

போனில் பாதி சொல்லிவிட்டேன், அழுதுவிட்டாய், மீதியைக் கேட்கவில்லை. ஆகவே எழுத்தில்.

முப்பத்தொரு தோட்டமும் திட்டத்திலிருந்து எடுபட்டுவிட்டது. கடிதம் தமிழில் வந்தது, சிங்களத்தில் வந்தது, இங்கிலீஷிலும் வந்தது. மூன்றையும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். சோலாரை பாலாவிப் பக்கம் களப்புக் கரையோரத்து உப்புத்தரையில் போடுகிறார்களாம், புல்லும் முளைக்காத இடம். போடட்டும். அந்த வெளிச்சம் நமக்கும் வரும்.

கட்டைகளைப் பிடுங்க அவர்களே ஆள் அனுப்பினார்கள். முன்பு வந்த அதே ஆள். இந்த முறை வரம்பில் நடந்தான்.

இனித்தான் விசயம். அந்த அம்மா வருகிற மாசியில் திரும்ப வருகிறா. வேறு ஊர்களிலிருந்து விவசாயிகளும், வெளிநாட்டிலிருந்து சிலரும் கூட வருகிறார்கள். சோதனைபோட இல்லை. மணலில் மண்ணை எப்படி ஆக்குவது என்று நம்மிடம் படிக்க வருகிறார்கள். மூன்று நாள். ஜெசிக்கா டீச்சருக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, மூன்று நாளும் வரமுடியாது. சங்கக் கூட்டத்தில் மொழிபெயர்க்க ஆள் யார் என்று கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்தேன்.

ஹுனைஸின் உம்மா, "திரும்பவும் அவளா?" என்று கேட்டா. அவ கேட்டதில் பிழையில்லை. அவவுடைய தோட்டத்திலும் கட்டை நின்றது.

"ஓம், அவதான்" என்றேன். "பிழை எந்த இடத்தில வரும் எண்டு தெரிஞ்சவ இந்த ஊர்ல அவ ஒருத்திதான். பிழை விட்டது அவ. ஒளிக்காம எழுதினதும் அவ. திருத்தினதும் அவ."

கைகளைத் தூக்கச் சொன்னார்கள். முப்பத்தொன்றும் தூக்கின. கடைசிக் கை ஹுனைஸின் உம்மாவுடையது. கொஞ்சம் பிந்தித்தான், ஆனால் நன்றாக உயரத் தூக்கினா.

உன் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். நீடிப்பதா விடுவதா என்பது உன் விருப்பம். வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. ஊர் கேட்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ராத்தா


தோஹா
02.11.2025

என் ராத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை மெலனிக்கு இங்கிலீஷில் வாசித்துக் காட்டினேன், தமிழிலிருந்து நேரே. ஹுனைஸின் உம்மா கையைத் தூக்கிய வரியை இரண்டு தரம் வாசித்தேன். மெலனி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சும்மா பார்த்தாள். பிறகு கவனமாக மடித்துத் தந்தாள்.

நேற்று ஆள்சேர்ப்புப் பிரிவுக்குப் போனேன். ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை என்று சொன்னேன். மேற்பார்வையாளர் ஆக்குகிறோம், இரு என்றார்கள். அந்த வேலைக்காக இரண்டு வருடம் ஏங்கியிருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். இரவு முழுக்க யோசித்துவிட்டுத்தான் போனேன், அதனால் பதில் சொல்லத் தடுமாறவில்லை.

ஒரு படிவம் தந்தார்கள். விலகுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கல்யாணம், சுகவீனம், குடும்பம் என்றுதான் எல்லோரும் எழுதுவார்களாம். நான் 'மொழிபெயர்ப்பு வேலை' என்று எழுதினேன். அங்கே இருந்த அதிகாரி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எந்தக் கம்பனி என்று கேட்டார். கம்பனி இல்லை சேர், என் ஊர் கூப்பிடுகிறது, வெளிநாட்டு ஆட்கள் எங்களிடம் படிக்க வருகிறார்கள் என்றேன்.

அவர் நம்பினாரோ தெரியவில்லை. பேனையை வைத்துவிட்டு, "உங்களுடைய ஊர் எதற்குப் பேர்போனது?" என்று கேட்டார்.

மண்ணுக்கு என்றேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் திகதி காலை இறங்குகிறேன்.

ரிஃப்கா